உங்களுக்குத் தெரியுமா? முதலாம் தரத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகள்

அனலைதீவிலும் அயல் தீவுகளிலும் முன்பள்ளி நடத்தும் ஆசிரியைகளையும், தங்கள் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைக்கும் குடும்பங்களையும் மனதில் வைத்துத் தொகுத்த துணுக்குகள் இவை.

● பாலம் இல்லாத ஊர்
அனலைதீவுக்குப் பாலம் கிடையாது. ஊர்காவற்றுறையில் படகேறித்தான் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருநாள் பயிற்சி என்றால் நகரத்து ஆசிரியை காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவார். தீவு ஆசிரியையோ படகு நேரமும் கடலின் நிலையும் பார்த்தே புறப்பட வேண்டும். பயிற்சி தருபவர்கள் படகேறித் தீவுக்கு வருவதுதான் நியாயம்.

● விநாடிக்குப் பத்து இலட்சம்
வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளையில் ஒவ்வொரு விநாடியும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்கிறது ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிறுவர் வளர்ச்சி மையம். குழந்தை 'ஆ' என்றால் நாமும் முகம் பார்த்து 'ஆ' என்று பதில் சொல்ல வேண்டும். அந்த இணைப்புகள் உறுதிப்படுவது இப்படித்தான். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

● சட்டத்துக்கு வெளியே
இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. 2016 வரை இதன் மேல் எல்லை 14 ஆக இருந்தது. முன்பள்ளி இந்த எல்லைக்குள் வருவதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாண சபையின் பொறுப்பு. ஆனால் அவற்றை நடத்துவது பெரும்பாலும் சனசமூக நிலையங்கள், கோயில்கள், தேவாலயங்கள், தொண்டு நிறுவனங்கள், தனியார்தான்.

● சம்பளம் அல்ல, கொடுப்பனவு
அரச பாடசாலையில் முதலாம் தரம் படிப்பிக்கும் ஆசிரியைக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அதே பிள்ளையை அதற்கு முந்திய ஆண்டு வரை வளர்த்துவிட்ட முன்பள்ளி ஆசிரியைக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கொடுப்பனவு மட்டுமே. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம் வழங்கும் மாதக் கொடுப்பனவை 1,000 ரூபாவால் கூட்ட முன்மொழிந்தார்கள். நல்ல தொடக்கம், ஆனால் ஒரு குடும்பம் நடத்த இது போதாது.

● காலை உணவு
அதே வரவு செலவுத் திட்டம், முன்பள்ளிப் பிள்ளை ஒருவரின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தவும் முன்மொழிந்தது. பசித்த வயிற்றோடு பாட்டும் ஏறாது, எழுத்தும் ஏறாது.

● தமிழ்நாடு காட்டிய வழி
1982 ஜூலை 1 அன்று தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடக்கினார். பாடசாலைப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக் குழந்தைகளையும் அத்திட்டம் முதலிலிருந்தே சேர்த்துக்கொண்டது. கிராமத்துக் குழந்தைகள் நல மையங்களில் அவர்களுக்கும் சாப்பாடு கிடைத்தது.

● அங்கன்வாடிக்குப் பின்னால்
இந்தியாவின் அங்கன்வாடி எனும் குழந்தைகள் மையத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 இடங்களில் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக அமைந்தது, முன்பள்ளி வயதுக் குழந்தைகள் பற்றிய ஆய்வுக்குழு 1972இல் தந்த அறிக்கை. அக்குழுவின் தலைவி மீனா சுவாமிநாதன். அவர் தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள்.

● இலங்கைக்கு வந்த மொண்டிசோரி
மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் தொடர்ந்து இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறப்பு முதல் மூன்று வயது வரையான பருவம் பற்றி இங்கே அவர் ஆற்றிய உரைகள் பின்னர் கொழும்பில் நூலாகவும் வெளிவந்தன.

● வீடு தேடி வரும் மருத்துவ மாது
இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை அந்த மரபில் வளர்ந்ததுதான். 1993க்குப் பின் இந்நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. அந்த வெற்றியில் இப்பெண்களின் நடைக்குப் பெரும்பங்கு உண்டு.

● திரிபோஷாவின் வயது
1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் கிடைத்துவரும் திரிபோஷா என்னும் சத்துமாவில் முக்கியமாகச் சேர்வது சோளமும் சோயாவும். கிளினிக்கில் தரும் பை அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் உரியது. வீட்டில் எல்லாரும் பங்குபோட்டால் எடை ஏற வேண்டிய பிள்ளைக்கு எடை ஏறாது.

● ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்
உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்கிறது. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலமே உச்ச எல்லை. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாட வேண்டும். அதற்குத் தீவுகளில் இடத்துக்குக் குறைவில்லை.

● கையில் இருக்கும் பொக்கிஷம்
விலை கூடிய விளையாட்டுச் சாமான் இல்லை என்று எந்த ஆசிரியையும் கவலைப்பட வேண்டாம். எண்ணப் பழகச் சோகியும் புளியங்கொட்டையும் போதும். பனங்காய் வண்டியும் ஓலைக் காற்றாடியும் கைவிரல்களுக்கு நல்ல பயிற்சி. பாட்டுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'சிறுவர் செந்தமிழ்' இருக்கிறது. ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளிப் பாட்டும் பாடிய புலவர் அவர்.

● படிக்க வழி உண்டு
இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விப் பாடநெறிகளைத் தமிழிலும் நடத்துகிறது. உங்கள் ஊர் ஆசிரியை படிக்க விரும்பினால் கட்டணத்தையோ பயணச் செலவையோ ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பலனை அவரிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையும் அனுபவிக்கும்.

● உங்களால் முடிந்தது
கனடாவிலும் ஐரோப்பாவிலும் இயங்கும் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் தேருக்கும் கொடுங்கள், அதோடு முன்பள்ளி ஆசிரியைக்கு மாதாமாதம் தவறாமல் ஒரு தொகை கிடைக்கவும் வழி செய்யுங்கள். ஒருமுறை கட்டிடம் கட்டிக் கொடுப்பதைவிட ஆசிரியை ஊரை விட்டுப் போகாமல் இருப்பது முக்கியம். ஊரில் இருக்கும் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது ஐந்து நிமிடம் நின்று, 'இண்டைக்குப் பிள்ளை என்ன செய்தவ ரீச்சர்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே அவருக்குப் பெரிய ஆதரவு.