வெஸ்லியும் நான்கு வெள்ளிக் கரண்டிகளும்

செல்வம் இறையருளின் அடையாளமா, அன்றி ஆன்மாவைப் பிடிக்கும் கண்ணியா? கிறிஸ்தவ சிந்தனையில் இவ்வினா மிகப் பழையது. ஆபிரகாமின் மந்தைகளை ஆசீர்வாதமெனக் கூறும் அதே திருமறை, குற்றமற்ற யோபு யாவற்றையும் இழந்து சாம்பலில் அமர்ந்ததையும் கூறுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே மனங்கொண்டு வாழ்ந்தவர் யாரென நோக்கும்போது, மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லியே (1703–1791) என் நினைவுக்கு வருகின்றார். 1814 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கல்விப்பணி தொடங்கிய மிஷனரிமார் அவர் வழிவந்தோரே. ஆதலின் நமக்கும் அவர் அந்நியரல்லர்.

பணத்தின் பயன்பற்றி அவர் ஆற்றி, 1760 இல் அச்சேறிய பிரசங்கம் ஈட்டுதல், சிக்கனம், ஈதல் என்னும் மூன்று படிகளை விளக்குவது. ஈட்டுதலுக்கும் அவர் வரம்பு கட்டினார். தன் உடல்நலத்தையோ அயலான் வாழ்வையோ கெடுத்துப் பொருள் தேடலாகாது. சாராய வியாபாரம் அவ்வகையிற் கண்டிக்கப்பட்டது. முதலிரு படிகளில் ஏறி மூன்றாவதில் ஏறாதவன் வழியிலேயே நின்றவனாவான்.

இது வெறும் போதனையன்று. ஒக்ஸ்போட்டில் இருந்த காலத்தில், ஆண்டுக்கு 30 பவுண் வருவாயில் 28 பவுணைத் தமக்கென வைத்து 2 பவுணை அவர் ஈந்ததாகக் கூறுவர். வருவாய் 60 ஆகவும், 90 ஆகவும், 120 ஆகவும் உயர்ந்தபோதும் தமக்குரிய செலவு அந்த 28 பவுணே. வளர்ந்தது ஈகை மட்டுமே! 1776 இல், வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி விதித்த அதிகாரிகள் அவரிடம் கணக்குக் கேட்டனர். இலண்டனில் இரண்டு, பிறிஸ்டலில் இரண்டு என நான்கு வெள்ளிக் கரண்டிகளே தம்மிடம் உள்ளன என்றும், அயலில் பலர் உணவின்றி வாடும்வரை மேலும் வாங்கப்போவதில்லை என்றும் அவர் விடையிறுத்தார்.

ஆயினும் முதுமையில் ஓர் அச்சம் அவரை வாட்டிற்று. பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் வளர்க்கும். அவை செல்வத்தைப் பெருக்கும். செல்வமோ பக்தியைத் தின்றுவிடும். 1786 இல் அவர் எழுதிய இவ்வுண்மையை, ஜேர்மானிய சமூகவியலாளர் மக்ஸ் வெபர் தம் ஆய்விற் பின்னர் எடுத்தாண்டார். இச்சுழலினின்று தப்ப ஈதலொன்றே வழியென்பது வெஸ்லியின் முடிபு.

காலம் மாறிற்று. 1968 இல் மெதடிஸ்த சபையிற் சேர்ந்த அமெரிக்கப் பிரசங்கியார் ஒரல் ரொபேட்ஸ் (1918–2009), காணிக்கை ஒரு விதையென்றும் அதற்கு இறைவனிடம் விளைச்சலை எதிர்பார்க்கலாமென்றும் போதித்தார். நம்பிக்கை இழந்தோர்க்கு அப்போதனை ஊக்கமளித்திருக்கலாம். ஆனால் நான் கேட்க விரும்புவது இதுதான்: விதைத்தும் விளையாத ஏழையின் நிலை என்ன? அவன் வறுமையோடு, விசுவாசமற்றவன் என்னும் பழியையுமன்றோ சுமக்க வேண்டும்! யோபுவின் நண்பர்கள் அவன்மேற் சுமத்தியதும் இத்தகைய பழியே. அவர்கள் பேசியது சரியன்று என இறைவனே கடிந்ததாகத் திருமறை முடிக்கின்றது.

ஒருவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதன்று, அது அவன் கையினின்று எங்கே சென்றது என்பதே கிறிஸ்தவ வளத்தின் அளவுகோல் என்பது என் துணிபு. அந்த நான்கு கரண்டிகள் இன்றும் நம்மிடம் கணக்குக் கேட்கின்றன.