கூரியரில் வரும் தாமரை

பெட்டி, செருப்புப் பெட்டியைவிடச் சின்னது. டேப்பைக் கிழித்தால் ஈரச் செய்தித்தாள்; அதற்குள் பாலித்தீன் உறை; அதற்கும் உள்ளே விரல் பருமனில், இரண்டு கணுவோடு ஒரு கிழங்கு. கேரளத்தில் மொட்டைமாடியில் தாமரை வளர்த்து விற்கும் ஒருவரிடமிருந்து புதுச்சேரியில் எங்கள் உழவர்கரை வீட்டுக் கொல்லைக்கு வந்தது. முளை முனை ஒடிந்திருந்தது. பத்தே நாளில் அழுகிவிட்டது.

தாமரைக் கிழங்கின் உயிர் அந்த முனையில்தான் இருக்கிறது. பருமனைப் பார்த்து ஏமாந்தால் பணம் போச்சு.

விதை மலிவாயிற்றே என்பீர்கள். தாமரை விதையின் ஓடு கல் மாதிரி. சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த, ஏறக்குறைய 1,300 ஆண்டு பழைய விதையே முளைத்திருக்கிறது. ஓட்டை உப்புத்தாளில் தேய்த்துத் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளை எட்டிப்பார்க்கும். ஆனால் ஒட்டுரகத்தின் விதை தாயைப் போலப் பூக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ‘நீலத் தாமரை விதை’ என்று படம் போட்டு விற்பது சுத்த மோசடி. தாமரையில் நீலமே கிடையாது. நீலமாகப் பூப்பது அல்லி இனம்.

நீர்ப்பூவை ஆர்டர் போட்டு வாங்குவது புது மோகமில்லை. பிரான்சில் லத்தூர்-மர்லியாக் 1875-இல் தொடங்கிய பண்ணையின் வண்ண அல்லிகள், 1889 பாரிஸ் கண்காட்சியில் பேர் வாங்கின. ஓவியர் மோனே தன் ஜிவெர்னி குளத்துக்கு அங்கிருந்துதான் செடி வரவழைத்தார். அந்நியச் செடி தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் அப்போது எதிர்த்தார்கள்.

நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது வேறு கேள்வி: “கொசு வராதா சார்?” நியாயமான கேள்விதான். கொசுவை ஆராயவென்றே 1975 முதல் ஒரு மத்திய ஆய்வு மையம் இயங்கும் ஊர் இது. தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும்.

இரண்டாவது கிழங்கு பங்குனியில் வந்தது. முனை முழுசாக இருந்தது. ஓட்டையில்லாத, இரண்டடி அகலத் தொட்டியில் பாதிவரை களிமண். கிழங்கைப் படுக்கவைத்து, முனை மட்டும் வெளியே தெரிய மண் மூடி, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர். இலை வளர வளரத்தான் நீரைக் கூட்ட வேண்டும். ஆறு மணி நேர வெயில் கட்டாயம். முதலில் வரும் இலைகள் தண்ணீரில் மிதக்கும். இலை நிமிர்ந்து நிற்கத் தொடங்கும்வரை உரம் பக்கமே போகக் கூடாது. ஆசைப்பட்டுப் போட்டால் கிழங்கு வெந்துவிடும்.

பூ மூன்று நான்கு நாள்தான். இதழ் உதிர்ந்தால் முடிந்தது.

ஆகவே பூப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். “கிழங்கின் முனையைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறாரா? வேறு ஆளைப் பாருங்கள்.