பளிச்சுனு ஒண்ணு பண்ணிக் குடுங்க!

“நல்லா... பளிச்சுனு... வித்தியாசமா ஒண்ணு பண்ணிக் குடுங்க தம்பி!”

டிசைன் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் வாயிலிருந்து முதலில் உதிரும் முத்து இதுதான். ‘பளிச்’ என்றால் சிவப்பா, மஞ்சளா? ‘வித்தியாசம்’ என்றால் யாரைவிட? கேட்பதில்லை. “சரி சார்” என்று தலையாட்டிவிட்டு வந்து, மூன்று ராத்திரி கண் விழித்து, நாலு டிசைன் போட்டு நீட்டினால் பதில் வரும்:

“நான் நெனச்சது இது இல்லியே!”

இந்தத் தலைவலிக்கு ஒரு தாளில் மருந்து இருக்கிறது. பெயர், ‘கிரியேட்டிவ் பிரீஃப்’. (பனியன் கம்பெனி சமாசாரம் இல்லை சாமி!) வேலையில் கை வைக்கும் முன்பு, வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் விவரக் குறிப்பு.

ஸ்வீட் ஸ்டால் முதலாளி ஒருவர், “போர்டுல எழுத்தைப் பெருசாக்குங்க” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று கேளுங்கள். “பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குக் கடை இருக்கிறதே தெரியலப்பா!” போய்ப் பார்த்தால், போர்டை மறைத்துக்கொண்டு ஜம்மென்று ஒரு வேப்பமரம். எழுத்தை யானை சைஸுக்கு ஆக்கினாலும் மரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அவருக்குத் தேவை, மரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன போர்டு. அவர் மாத்திரையின் பெயரைச் சொல்கிறார்; வியாதியை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

தாளில் எழுத வேண்டிய கேள்விகள் ஐந்து:

1. இதை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்ததும் என்ன செய்ய வேண்டும்?

2. எங்கெல்லாம் வரும்? வேனில் ஜொலிக்கும் சின்னம், ஒற்றைக் கலர் பில் புக்கில் மைத்தீற்றல் ஆகிவிடலாம்.

3. எதில் கை வைக்கக் கூடாது?

4. எவ்வளவு பணம், எந்தத் தேதி, எத்தனை திருத்தம்?

5. கடைசியாக ‘ஓகே’ சொல்வது யார்? இதை விட்டால், அச்சுக்குப் போகிற அன்று முதலாளியின் மச்சான் வந்து, “எனக்குப் பச்சைதான் புடிக்கும்” என்பார்.

மூன்றாவது கேள்வி சில்லறை விஷயமில்லை. அமெரிக்காவில் முன்பு பெப்சிகோ வசமிருந்த ‘ட்ராபிகானா’ ஜூஸ் பெட்டியில், ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழம்தான் அடையாளமாக இருந்தது. 2009 ஜனவரியில் அதைத் தூக்கிவிட்டு, கிளாஸில் ஜூஸ் இருக்கிற மாதிரி படம் போட்டார்கள். நாகரிகமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க வந்தவர்களுக்கு, ‘நம்ம ஜூஸ் எங்கே?’ என்று குழப்பம். இரண்டே மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவிகிதம் படுத்தது. பிப்ரவரியிலேயே ‘பழைய பழமே வரும்’ என்று அறிவித்துவிட்டார்கள்.

பெரிய கம்பெனி தாங்கிக்கொண்டது. தனியாளாகத் தொழில் செய்கிற பையன் தாங்குவானா? பத்தாவது திருத்தத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால் எழுதியதை வாடிக்கையாளரிடமே படித்துக் காட்டி, ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது உத்தமம். நாளைக்குப் பேச்சு மாறினால், தாள் பேசும். சண்டை வராது.

‘நமக்கும் டிசைனுக்கும் என்ன சம்பந்தம்?’ என்கிறீர்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர், “நல்லா ஒரு ரிப்போர்ட் பண்ணிடுங்க” என்பாரே, அப்போது கேளுங்கள்: “யார் படிக்கப் போறாங்க சார்? படிச்சுட்டு என்ன முடிவு எடுக்கணும்?”

கொஞ்சம் முறைப்பார். பரவாயில்லை... ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்!