மிளகு சேர்த்த மாத்திரை

2009-ல் இந்தியச் சந்தைக்கு ஒரு காசநோய் மாத்திரை வந்தது. பெயர் ரைசோரின். ரிஃபாம்பிசின் வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும். இதில் 200 மில்லிகிராம்தான். கூடவே 300 மில்லிகிராம் ஐசோனியசிட், 10 மில்லிகிராம் பைப்பரின். மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தருகிற பொருள்தான் பைப்பரின். நம் சூரணங்களில் மிளகும் திப்பிலியும் சேர்ந்த திரிகடுகு ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்று சி.கே. அடல் என்ற விஞ்ஞானி எழுபதுகளின் கடைசியில் ஜம்முவின் அரசு ஆய்வகத்தில் யோசிக்கத் தொடங்கியதன் விளைவு இந்த மாத்திரை.

மிளகு காசநோய்க் கிருமியைக் கொன்றதா? இல்லை. குடல் சுவரில் மருந்தை வெளியே தள்ளுகிற புரதத்தையும், கல்லீரலில் மருந்தைச் சிதைக்கிற நொதிகளையும் பைப்பரின் மந்தப்படுத்துகிறது. அதனால் குறைந்த மருந்தே ரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறிவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மிளகின் பலமும் இதுதான், அபாயமும் இதுதான்.

ஏன் இப்படிப்பட்ட கூட்டணிகளைத் தேட வேண்டியிருக்கிறது? ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் இதழ் கணக்கிட்டது. சென்னையும் இந்தக் கதையில் உண்டு. கடைசிக்கட்ட மருந்தான கார்பபெனெமையே முறியடிக்கும் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி 2010-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. 

கிருமி தப்பிக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைத்து வெளியே கொட்டிவிடுவது. சீழ்க்கட்டி, புண் தொற்று உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸிடம் உள்ள அத்தகைய பம்புக்கு நார்-ஏ என்று பெயர். இதற்குத் தாவரங்கள் என்றோ விடை கண்டிருக்கின்றன. நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பெர்பெரின். அது கிருமிக்கொல்லிதான், ஆனால் தனியாகப் போனால் கிருமி அதை வெளியே இறைத்துவிடும். பெர்பெரின் தயாரிக்கும் பெர்பெரிஸ் இனச் செடிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், அதே செடியில் இன்னொரு பொருளும் இருப்பதை 2000-ல் வெளியிட்டார்கள். அந்த இரண்டாவது பொருள் தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யாது. பம்பை மட்டும் அடைக்கும். கொல்லியும் அடைப்பானும் ஒரே செடியில்! ஆறு வருடம் கழித்து, பைப்பரினும் நார்-ஏ பம்பைத் தடுக்கிறது, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வேலையைக் கூட்டுகிறது என்று ஜம்மு ஆய்வகமே காட்டியது.

துணை மருந்து என்ற யோசனை வெறும் கனவல்ல. ஆக்மென்டினில் அமாக்சிசிலினுடன் இருக்கும் கிளாவுலனிக் அமிலம் கிருமியின் நொதியை முடக்குவதற்காகவே சேர்க்கப்பட்டது. ஆனால் அது தாவரத்திலிருந்து வந்ததல்ல, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து. கிருமியின் எதிர்ப்பை இப்படி முடக்கும் தாவரப் பொருள்களில் அந்த அளவு தேறியது இன்னும் ஒன்றுமில்லை.

காரணம் எளியது. ஆய்வகத் தட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், உடம்பில் ஊற்ற முடியாது. சர்ப்பகந்தாவிலிருந்து வரும் ரெசர்பின் கிருமியின் பம்பை அருமையாக அடைக்கும். அதற்குத் தேவையான அளவு மனிதருக்கு நஞ்சு. மஞ்சளின் குர்குமின் இன்னொரு வகை ஏமாற்றம். இரண்டு கிராம் விழுங்கினாலும் ரத்தத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தால் அது சுமார் 20 மடங்கு ஏறுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். அப்போதும் தட்டில் கிருமியைக் கொல்லும் அளவுக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை.

வாட்ஸ்அப்புக்கு இந்த விவரமெல்லாம் தேவையில்லை. "ஆன்டிபயாட்டிக்கோட மஞ்சள்-மிளகு காப்ஸ்யூல் போடுங்க, பாதி நாள்ல நிறுத்திடலாம்" என்று போகிறது செய்தி. ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை; அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். செறிவூட்டிய காப்ஸ்யூல் வேறு சமாச்சாரம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவையும் பைப்பரின் உயர்த்திவிடும். கல்லீரல் இன்னொரு கவலை. மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள், ஒருவர் இறந்துபோனார். பரிசோதிக்கக் கிடைத்த ஏழு தயாரிப்புகளில் மூன்றில் பைப்பரின் இருந்தது. காசநோய் மாத்திரைகளே கல்லீரலைப் பதம்பார்க்கக்கூடியவை. அவற்றோடு தானாக இதையும் சேர்ப்பவர் என்ன செய்கிறார் என்பதை யோசித்துப்பாருங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்துவதோ, எதிர்ப்புக் கிருமிக்கு நாமே வாசல் திறந்துவிடுவது.

ஆகவே மருத்துவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: குடிக்கும் கஷாயம், போடும் காப்ஸ்யூல், சாப்பிடும் சித்த மருந்து. "நாட்டு மருந்துதானே" என்று மறைக்க வேண்டாம். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் நம்மில் உண்டு. காய்ச்சல் விடாமல் ஆன்டிபயாட்டிக் மாற்றப்படுகிறதென்றால், எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் சோதனை பார்க்கலாமா என்று கேளுங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மருந்துக்கடையில் செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணையின் கீழ் வருகின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. மருத்துவர், நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். "அண்ணே, போன தடவ கொடுத்த அதே மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்பதும், கடைக்காரர் கொடுப்பதும் சட்டத்துக்கு வெளியே நடக்கிற வியாபாரம். பில் கட்டாயம் வாங்குங்கள். பின்னால் எந்தப் புகாருக்கும் அந்தக் காகிதமும், தொகுதி எண் உள்ள அட்டையும்தான் சாட்சி.

காசநோய், டைஃபாய்டு, நிமோனியா ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். மூலிகை என்று எழுதியிருந்தாலும் அதே சட்டம்தான். அப்படி விளம்பரம் கண்ணில் பட்டால் படம் பிடித்து வைத்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். பொய்யை நம்பிப் பணம் கொடுத்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. மருந்தோ மூலிகையோ சாப்பிட்டு உடம்பு மஞ்சளித்தால், தடித்தால், மூச்சு திணறினால் முதலில் மருத்துவமனை, அப்புறம் 1800-180-3024. பக்கவிளைவைப் பதிவு செய்யும் இந்த இலவச எண்ணை மருத்துவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நோயாளியும் கூப்பிடலாம்.

ஒருநாள் உங்கள் மருத்துவமனையிலேயே மூலிகைப் பொருளும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த ஒரு பரிசோதனைக்கு ஆள் தேடலாம். சேரலாம், தப்பில்லை. ஆனால் ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019-ஆம் ஆண்டு மருத்துவப் பரிசோதனை விதிகளில் இடமுண்டு. கையெழுத்துப் போட்டதும் படிவத்தின் ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.