விரதம் முடியும், நியமம் தொடரும்

நம் சமயம் கர்மங்களை நித்தியம் என்றும் நைமித்திகம் என்றும் பிரித்துச் சொல்கிறது. சந்தியாவந்தனம் நாள் தவறாமல் செய்ய வேண்டியது, ஆகவே நித்தியம். கிரகண காலத் தர்ப்பணம் ஒரு நிமித்தம் பற்றி வருவது; ஆகவே நைமித்திகம். உடல் எடையைக் குறைக்க விரும்பும் பெரியோர் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். நித்தியமாக இருக்க வேண்டிய உணவு ஒழுங்கையும் நடையையும் அவர்கள் நைமித்திகமாக வைத்துக்கொள்கின்றனர்.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர், அடுத்த பௌர்ணமி வரை தெருமுனைக்கும் ஆட்டோவில் செல்கிறார். அமாசோமவாரத்தில் அரசமரத்தை 108 முறை வலம் வந்தவர், மறுவாரம் நாற்காலியை விட்டு எழுவதில்லை. மண்டல விரதத்தில் மெலிந்தவருக்கு, மாலையைக் கழற்றிய சில மாதங்களில் பழைய எடை திரும்பிவிடுகிறது. இவற்றின் புண்ணியம் குறித்து ஐயமில்லை. ஆனால், உடல் தன் கணக்கை நாள்தோறும் எழுதுகிறது.

முழங்காலின் சுமை

முதுமையில் எடை குறைப்பது அழகுக்காக அன்று. சந்நிதி வரை தம் கால்களால் நடந்து செல்லும் பேற்றைக் காத்துக்கொள்வதற்காக. முழங்கால் தேய்மானம் உள்ள முதியோரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைவதாகத் தெரியவந்தது. கோயில் படி ஏறுகையில் இந்த வேறுபாட்டைக் கால்களே உணரும். இந்தியர்களைப் பொறுத்தவரை, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

பலகாரமும் பலாகாரமும்

ஏகாதசி மாதம் இருமுறை வருகிறது. அன்று முழுப் பட்டினி இருக்க இயலாதவர்களுக்குப் பழங்களை உண்ணும் பலாகாரம் அனுமதிக்கப்பட்டது. அச்சொல்லே மருவிப் பலகாரம் ஆயிற்று. பொருளும் பழத்திலிருந்து வடைக்கும் பஜ்ஜிக்கும் நகர்ந்துவிட்டது. சோறு மட்டும் விலக்கப்பட்டு, நெய் மணக்கும் ரவா உப்புமாவும் அடையும் இலையை நிறைக்கும் இல்லங்கள் இன்று பல. உபவாச நாளில் உண்ணும் அளவு மற்ற நாளை விஞ்சுமாயின், அதனால் வயிற்றுக்கு ஓய்வில்லை.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து', முன் உண்டது செரித்ததா என்று அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறது. அளவு என்பது ஒரு நாள் கட்டுப்பாடு அன்று. ஒவ்வொரு வேளையின் கட்டுப்பாடு.

வரவும் செலவும்

ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு மூன்று முறை இரண்டிரண்டு தேக்கரண்டி சர்க்கரையிட்டுக் காபி அருந்துபவர், அந்தச் சர்க்கரையை விட்டாலே சுமார் 120 கலோரி மிஞ்சும். அன்றாடச் சமையலில் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் குறைந்தால் 45 கலோரி மிஞ்சும். அரை மணி நேர நடை, 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 100 கலோரியைச் செலவழிக்கும். மூன்றும் சேர்ந்தால் நாளுக்கு 265. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. போகப்போக வேகம் குறையலாம். ஆயினும் திசை மாறாது.

அதற்காகப் பருப்பையும் தயிரையும் குறைத்துவிடலாகாது. முதுமையில் தசை தானாகவே தேய்கிறது. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நவராத்திரிச் சுண்டல் ஆண்டு முழுவதும் மாலைச் சிற்றுண்டியாக இருக்கத் தக்கது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது, தோப்புக்கரணம் இயலாத முழங்கால்களுக்கும் பெரும்பாலும் ஏற்ற பயிற்சி.

சங்கல்பம் கற்றுத்தருவது

பூஜையின் தொடக்கத்தில் செய்யும் சங்கல்பத்தில் இடம், ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் சொல்லப்படுகின்றன. 'நடக்க வேண்டும்' என்ற பொதுவான எண்ணம் நிலைப்பதில்லை. 'காலை விளக்கேற்றியபின், பெருமாள் கோயில் நான்கு மாட வீதிகளில், இரண்டு சுற்று' என்ற தீர்மானம் நிலைக்கும். ஏற்கெனவே உள்ள ஒரு வழக்கத்தோடு புதியதைப் பிணைப்பதே இதன் சூட்சுமம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை அதற்குப் போதும்.

2009-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. 48 நாள் மண்டலத்தைக் காட்டிலும் சற்றே அதிகம்! இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தவறிய நாளுக்கு வருந்தி அனைத்தையும் கைவிடுவதே உண்மையான விரத பங்கம்.

பிரசாதமும் மிச்சமும்

சர்க்கரைப் பொங்கலை மறுப்பது எப்படி என்று பலர் தயங்குகின்றனர். மறுக்க வேண்டியதில்லை. பிரசாதம் என்பது அருள். அதற்கு எடை இல்லை. கண்களில் ஒற்றிக்கொண்டு ஒரு சிறு கவளம் உண்டு, எஞ்சியதைப் பகிர்ந்தளிப்பதும் வழிபாடே. இல்லத்தில் மூத்த பெண்மணிகளை வருத்துவது வேறொன்று: பேரன் விட்டுச்சென்ற தோசையும், இரவு மீந்த சாதமும் 'வீணாகக் கூடாதே' என்று அவர்கள் வயிற்றிலேயே சேர்கின்றன. அன்னத்தை மதிப்பதற்கான இடம் உலை வைக்கும் அரிசிப்படி. மிச்சம் எடுக்கும் தட்டு அன்று.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆபத்து; இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நண்பகல் வெயிலில் சுடும் பிராகாரக் கல்லில் வெறுங்காலுடன் வலம் வருவதைத் தவிர்க்க வேண்டும். நடக்கையில் மார்பில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று, தாமதமின்றி மருத்துவ உதவி பெறுதல் அவசியம். முயற்சியின்றி எடை குறைந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

விளக்கு நேற்று ஏற்றியாயிற்று என்று இன்று ஏற்றாமல் இருப்பவர் எவரும் இல்லை. அந்த விளக்கின் வரிசையில் மாலை நடையையும் அளவான இலையையும் சேர்த்துக்கொண்டால், அடுத்த ஆண்டு உற்சவத்திலும் தேருக்குப் பின்னால் சொந்தக் கால்களில் நடந்து வரலாம்.