எழுதாமல் விட்ட ஒரு வரி!

நான், 54 வயது இல்லத்தரசி. மதுரையில், எங்கள் தெருவிலும், பக்கத்துத் தெருவிலும் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளை, என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக் கொள்கிறேன். போர்டு எல்லாம் மாட்டவில்லை. ஒருத்தி சொல்லி, இன்னொருத்தி கொண்டுவந்து விட்டதுதான். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மூன்று வாண்டுகள். எல்லாருக்கும் நான், 'பெரியம்மா!'

பேறுகால விடுப்பை, 26 வாரமாக்கி, 2017ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பேரோ, அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அதில் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், மருந்துக்கடையில் மூன்று பேரில் ஒருத்தியாக நிற்கிறவளுக்கு, காப்பகத்துக்கு எங்கே போவது? அப்படிப்பட்டவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

2018ல் நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அப்போது, 11 மாத ஆண் குழந்தை ஒன்று என்னிடம் இருந்தான். கட்டிலில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்துவிட்டு, குக்கரை அணைக்க அடுப்படிக்குப் போனேன். அரை நிமிஷம் கூட இருக்காது, 'தொப்'பென்று சத்தம். ஓடிவந்து தூக்கினேன். பின்னந்தலையில் லேசாக வீக்கம். வீல் வீலென்று அழுதவன், ஈரத்துணியை ஒற்றி, தோளில் போட்டுத் தட்டியதும் அடங்கிவிட்டான். அரைமணி நேரத்தில், கிண்ணத்தைத் தட்டி விளையாட ஆரம்பித்துவிட்டான்.

சாயந்திரம் அவன் அம்மா வந்தாள். 'சேட்டை பண்ணானாக்கா?' என்று கேட்டாள்.

'இல்லம்மா... சமத்தா இருந்தான்' என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நம்பி விட்டவள் என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் ஒன்று. மாதா மாதம் வரும் பணம் நின்றுபோகுமோ என்ற பயமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ராத்திரி, 10:00 மணிக்குக் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். 'எங்கயாவது விழுந்தானாம்மா?' என்று டாக்டர் கேட்க, இவள், 'இல்லைங்க சார்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு மேல், 'அக்கா... மத்தியானம் என்ன சாப்பிடக் குடுத்தீங்க?' என்று எனக்குப் போன். அப்போதுதான், விழுந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய், விடிய விடிய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மீனாட்சி புண்ணியத்தில், ஒன்றும் ஆகவில்லை. தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறதா என்று, குறைந்தது 24 மணி நேரம் கவனிக்க வேண்டுமாம். அந்த 24 மணி நேரத்தில், பாதியைத் தின்றது என் வாய்.

அவள் என்னைத் திட்டவில்லை. 'விழுந்தான்னு சொல்லியிருந்தா, கொஞ்சம் கோச்சுக்கிட்டிருப்பேன், அவ்வளவுதானேக்கா. இப்ப, டாக்டர்கிட்ட என்னையப் பொய் சொல்ல வச்சுட்டீங்களே' என்றாள்.

ஒரு மாதம் குழந்தையை அவள் தாய் வீட்டில் விட்டாள். பிறகு திரும்பக் கொண்டு வந்தாள். கூடவே, 80 பக்க ரூல் போட்ட நோட்டு ஒன்றும்! 'தினமும் இதுல எழுதுங்கக்கா. காலையில நானும் எழுதித் தர்றேன்' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடைச் சிப்பந்திக்குக் கணக்கு நோட்டு கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால், வாங்கிக் கொண்டேன். இன்று, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு. புது வருஷத்துக்கு ஜவுளிக் கடையில் தரும் டைரி கிடைத்தால், இன்னும் வசதி.

என்ன எழுதுவேன்? எத்தனை மணிக்கு எவ்வளவு பால், எத்தனை வாய் சோறு, எப்போது தூங்கி எப்போது எழுந்தது, எத்தனை முறை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போனது. கீழே விழுந்தால், எப்படி, எங்கே அடி, நான் என்ன செய்தேன். இன்னொரு குழந்தை கடித்துவிட்டால், கடித்தது என்று எழுதுவேன். யார் என்று எழுதமாட்டேன். வீண் சண்டைதான் வரும்.

முக்கியமானது மருந்து. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில், 5 மி.லி.க்கு 120 மி.கி.யும் உண்டு, 250 மி.கி.யும் உண்டு. சொட்டு மருந்திலோ, 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். இதில், 'அரை ஸ்பூன் கொடுங்க' என்று வாயால் சொன்னால், எந்த அரை ஸ்பூன்? பாட்டிலைப் பார்த்துப் பெயர், மி.கி., டாக்டர் சொன்ன அளவு, கொடுத்த நேரம் எல்லாம் எழுதித் தந்தால்தான் தொடுவேன். ஒருநாள் ஒரு தகப்பனார் அவசரத்தில், 'காய்ச்சல் அடிச்சா சிரப் குடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 9:30க்கு உடம்பு கொதித்தது. நோட்டைப் பிரித்தால், '7:45க்குக் கொடுத்தாச்சு' என்று தாய் எழுதியிருக்கிறாள்! நாலு மணி நேரமாவது ஆகாமல், அடுத்த வேளை கொடுக்கக் கூடாதே! அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, காத்திருந்தேன்.

என் நாத்தனார் மகள், இங்கிலாந்தில் பதிவு பெற்று, இதே வேலை செய்கிறாள். குழந்தைக்கு அடிபட்டாலும், மருந்து கொடுத்தாலும் எழுதி வைத்து, அன்றைக்கே, முடியாவிட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், பெற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது, அங்கே விதியாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை, அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள்.

எழுதுவதிலும் தொல்லை உண்டு. 'எம்பேரன் மூணு இட்லி தின்னான்னு எழுதாத தாயி... கண்ணு பட்டுரும்' என்றார், ஒரு அப்பத்தா. இப்போது அவனுக்கு மட்டும், 'நல்லா சாப்பிட்டான்' என்று எழுதிவிட்டு, இட்லிக் கணக்கை அம்மாவிடம் வாயால் சொல்லிவிடுகிறேன். இன்னொருத்தி, '40 நிமிஷம் அழுதான்' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, பஸ்சில் அழுதுகொண்டே போனாளாம். அழுததை மறைக்க மாட்டேன். ஆனால், எதைக் காட்டியதும் அழுகை நின்றது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். பெரும்பாலும், மொட்டைமாடிக் காக்காதான்!

'இந்தக் காலத்துல நோட்டு எதுக்கு? வாட்ஸ் ஆப்ல போடுங்க' என்று சின்னப் பெண்கள் சொல்கிறார்கள். போட்டோ அனுப்புவேன், எழுதுவது நோட்டில்தான். நாலு நாள் முன் எத்தனை முறை வயிற்றால் போனது என்று டாக்டர் கேட்டால், 'குட்மார்னிங்' பூக்களுக்கு நடுவில், யார் தேடுவது? போன் இல்லாத பாட்டிக்கும், நோட்டைப் படிக்க முடியும்.

எல்லாவற்றையும் எழுதும் நான், ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. போன மாதம், என்னிடம் இருக்கும் பெண் குழந்தை, பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு, என்னை நோக்கி மூன்று அடி நடந்து வந்தாள். அவள் அம்மாவுக்கு, தலைப்பிள்ளை. பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. 'பிடிக்காமல் நிற்கிறாள். எந்த நேரமும் நடந்துவிடுவாள். ராத்திரி எதிரில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

எட்டு மணிக்குப் போன் வந்தது. 'அக்கா... நடந்துட்டா! எங்கிட்ட வந்துட்டா!' என்று கத்தினாள்.

'அப்படியா!' என்றேன், முதல் தடவை கேட்பது மாதிரி.

என் மகளுக்கு, இது பிடிக்கவில்லை. 'ஒரு தடவை மறைச்சு பட்டது போதாதாம்மா?' என்கிறாள். வாசகியரே... நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவராக இருந்தால், அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டுமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.