கூலி வேறு, நம் மதிப்பு வேறு



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பரை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைக்கிற பெண்கள் ஏராளம். கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கேன், ஏதோ தைக்கிறேன்" என்கிறோம். ஜோடிக்குச் சில ரூபாய்தான் வருகிறது என்பதால், நம் மதிப்பும் அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். இது சரியா?

வெளிநாட்டுக் கம்பெனி தரும் விலையில் ஃபேக்டரி, ஏஜெண்ட் என்று கடந்து, மிச்சம்தான் நம் கைக்கு வருகிறது. அவரவர் வீட்டில் தனியாகத் தைப்பதால், பக்கத்து வீட்டு ரேட்கூட நமக்குத் தெரிவதில்லை. ரேட் குறைய இவைதான் காரணம். நம் கைவேலையில் குறையில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-வது உடன்படிக்கையில் சொல்லிவிட்டது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

நாம் என்ன செய்யலாம்? ஜோடிக்கு 10 ரூபாய், மணிக்கு 2 ஜோடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 ரூபாய். அதில் ஊசி, பஸ் செலவைக் கழியுங்கள். இந்தக் கணக்கை நோட்டில் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பத்துப் பேராகப் போய் ஏஜெண்டிடம் கேளுங்கள். கேட்கும்போது தலை குனிய வேண்டாம். பேசப்போவது ரேட்டைப் பற்றித்தான், நம்மைப் பற்றி அல்ல.